கையா, மருந்தா

இதை எழுதுபவனுக்கு இந்தக் கதையில் பல வருடங்களாகச் சந்தேகம் உண்டு. சொன்னவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. ஆனால் படித்த மனிதர் ஒருவர், தன் கை கெட்ட கை என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கியதாக இந்தக் கதை சொல்கிறது. அப்படி ஒருவர் ஏங்குவாரா? தன்னை அந்த இடத்தில் வைத்தும் அவன் யோசித்துப் பார்த்திருக்கிறான். ஒரு நாள், ஏங்குவார் என்று தோன்றும். இன்னொரு நாள் தோன்றாது. சரி, கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிடுவோம்.

சொன்னவர் டாக்டர் ஜெயசீலி, கால்நடை மருத்துவர். தெற்கே ஒரு மருத்துவக் கல்லூரியில், ஆராய்ச்சிக்கான எலிகளையும் முயல்களையும் வளர்க்கும் கட்டடம் அவர் பொறுப்பில் இருந்தது. எல்லோரும் அதை அனிமல் ஹவுஸ் என்பார்கள். ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு எலிகளைக் கையாளவும் ஊசி போடவும் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை. வருடா வருடம் ஒரு கூட்டம் வரும். வாலைப் பிடித்துத் தூக்காதே என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கூட்டம் போய் அடுத்த கூட்டம் வரும். மறுபடி வாலிலிருந்து தொடங்க வேண்டும். முப்பத்தெட்டு வயதுதான் அவருக்கு. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே களைத்துப் போயிருந்தார்.

ஒரு மதியம் பேராசிரியர் தாணுமாலயன் வந்தார். மருந்தியல் துறைத் தலைவர். ஜெயசீலியைவிட இருபது வயது மூத்தவர். ஓய்வு பெற அதிக நாள் இல்லை. மேலங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு மேஜைக்கு எதிரே வந்து நின்றார். பள்ளிக்கூடத்துப் பையன் நிற்பது போல நின்றார்.

"மேடம், எலிக்கு ஊசி போடச் சொல்லித் தரணும்."

"யாருக்கு சார்? புதுசா ஸ்டூடன்ட் வந்திருக்காங்களா?"

"எனக்குத்தான்."

ஜெயசீலி சிரித்தார். "இந்தக் காலேஜ்ல பாதிப் பேருக்கு ஊசி பிடிக்கப் பழக்கினதே நீங்கதான்னு சொல்லுதாங்க. என்னைக் கேலி பண்ண வந்தீங்களா?"

"இல்ல மேடம். என் எலி சாகுது."

சிரிப்பு நின்றது. "உட்காருங்க சார்."

அவர் உட்கார்ந்து சொன்னார். காக்காய் வலிப்புக்கு ஒரு மருந்து. பத்து வருடத்துக்கு மேல் அதோடுதான் வாழ்கிறார். சோதனைக் குழாய் வரைக்கும் எல்லாம் நன்றாக நடந்தது. இப்போது முதல்முறையாக உயிருள்ள எலிக்குள் போகிறது.

"யாரு ஊசி போடுதது?" என்றார் ஜெயசீலி.

"மருந்துக் கூட்டத்துக்கு நான். மருந்தில்லாம வெறும் சலைன் போடுத கூட்டத்துக்கு என் ஸ்டூடன்ட்."

"ஏன் பிரிச்சுக்கிட்டீங்க?"

"மருந்தை வேற ஒருத்தர் கையில குடுக்க மனசு வரல."

"சாகுதது எது?"

"நான் போட்டதுதான். ஊசி போட்ட ரெண்டாம் நாள், மூணாம் நாள் மூலையில போய்ச் சுருண்டு உட்காருது. அப்படியே ஒண்ணொண்ணாச் செத்துப்போகுது. அந்தப் பொண்ணு போட்டதெல்லாம் நல்லாத் தின்னுட்டு ஓடுது."

"அப்போ ஒண்ணு மருந்து. இல்லாட்டி கை."

"ஆமா."

"நீங்க எதுன்னு நினைக்கீங்க?"

"கைதான் மேடம்." கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கையாத்தான் இருக்கணும்."

ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று ஜெயசீலிக்குச் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை கல்லூரியின் நெறிமுறைக் குழு கூடுகிறது. எலிகள் ஏன் சாகின்றன என்று கேட்கும். ஊசி போட்டதில் தவறு என்றால், பயிற்சி எடுத்துவிட்டு மறுபடி செய்யலாம், புது எலிகள் கிடைக்கும். மருந்துதான் கொல்கிறது என்றால் வேலை அத்தோடு நின்றுவிடும். இன்னொரு மருந்தைத் தொடங்க அவருக்கு இனிக் காலமில்லை. குழுவில் ஜெயசீலியும் ஒருவர். கையைப் பற்றி அவர் சொல்வதைத்தான் குழு கேட்கும்.

"நாளைக்கு வாங்க சார்," என்றார் ஜெயசீலி. "ஊசி வேண்டாம். கையை மட்டும் கொண்டு வாங்க."

மறுநாள் வந்தார். ஜெயசீலி ஒரு கூண்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். உள்ளே வெள்ளைச் சுண்டெலிகள்.

"கையை உள்ள வச்சுட்டு சும்மா இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"அதுங்க முடிவு பண்ணட்டும்."

உமியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு துறைத் தலைவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூண்டு கழுவிக்கொண்டிருந்த பணியாளர் பிச்சைக்கனிக்குப் பொறுக்கவில்லை.

"பெரிய சாரே கை நீட்டிட்டு இருக்காருன்னா, பரீட்சைல ஃபெயிலா டாக்டரம்மா?"

"நீங்க தண்ணியை மேல தெறிக்காமக் கழுவுங்க அண்ணாச்சி."

ஒரு எலி வந்து மோந்தது. போனது. மறுபடி வந்து விரலில் ஏறியது. ஏறி, உள்ளங்கையில் சிறுநீர் கழித்தது.

"பாஸ் பண்ணிட்டாரு," என்றார் பிச்சைக்கனி.

தாணுமாலயன்கூடச் சிரித்துவிட்டார். பிறகு எலியை இரண்டு கைகளாலும் குவித்து எடுத்தார். பிடரித் தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சேர்த்துப் பிடித்தார். வால் தானாகச் சுண்டுவிரலுக்குள் போயிற்று. இறுக்கினால் அதற்கு மூச்சு முட்டும். தளர்த்தினால் திரும்பிக் கடிக்கும். அவர் பிடியில் எலி அமைதியாக மூச்சு விட்டது.

ஜெயசீலி அதைப் பார்த்தார்.

அடுத்த நாள் ஒரு சிரிஞ்சில் சலைன் எடுத்துக் கொடுத்தார்.

"எப்பவும் போடுத மாதிரிப் போடுங்க சார். நான் இல்லைன்னு நினைச்சுக்கோங்க."

அவர் எலியை மல்லாத்தினார். தலையைச் சற்றுத் தாழ்த்தினார். குடல் நெஞ்சுப் பக்கமாகச் சரிந்து, அடிவயிற்றில் ஊசிக்கு இடம் விட்டது. வலப்பக்கம், நடுக்கோட்டைத் தொடாமல், சாய்வாகக் குத்தினார். சிரிஞ்சின் தண்டை லேசாகப் பின்னுக்கு இழுத்தார். ரத்தம் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. அதன் பிறகுதான் மருந்து தள்ளுகிற மாதிரி மெதுவாகத் தள்ளினார். ஊசியை எடுத்தார். எலியைக் கூண்டில் விட்டார். அது உடம்பை உதறிக்கொண்டு தீனியிடம் ஓடியது.

அவர் நிமிர்ந்தார். "எங்க மேடம் தப்பு?"

"காணோமே சார்."

"சரியாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சாய்வு கொஞ்சம் ஜாஸ்தியோ?"

"இல்ல."

"வேகமாத் தள்ளுனேனோ?"

"நான் சொல்லிக் குடுக்கறப்போ இப்படித்தான் செஞ்சு காட்டணும்னு நினைப்பேன். சில நாள் எனக்கே வராது."

நல்ல கை என்று சொன்னால் யார் முகமும் கொஞ்சமாவது மலரும். அவர் முகம் இருண்டது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு ஒருதடவை பாருங்க மேடம். இன்னிக்கு நீங்க பாக்கீங்கன்னு கவனமாப் போட்டுட்டேன்."

ஜெயசீலிக்கு அலுப்பாக இருந்தது. இத்தனை வருடங்களில், கெட்ட கைக்காரர்கள் அவரிடம் வந்து நல்ல கை என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். மாற்றிக் கெஞ்சுகிறவரை இப்போதுதான் பார்க்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்க என்றார்.

மறுநாள் தாணுமாலயன் எலியை எடுத்தார். மல்லாத்தினார். தலையைத் தாழ்த்தவில்லை. ஊசி அடிவயிற்றுக்குப் போகாமல் மேலே, விலாவுக்குக் கீழே, கல்லீரல் இருக்கிற இடத்துக்குப் போனது. சாய்வில்லாமல், நேர் செங்குத்தாக.

தோலைத் தொடுவதற்குள் ஜெயசீலி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

ஊசி நுனி ரோமத்துக்கு மேலேயே நின்றது.

"பதட்டம் மேடம்," என்றார் அவர்.

"பதட்டம்னா கை நடுங்கும் சார். உங்க கை நடுங்கல."

அவர் எலியைப் பார்த்தார்.

"இந்த எலி உங்களுக்கு என்ன பண்ணிச்சு?"

ஜெயசீலி அவர் கையிலிருந்து எலியை வாங்கிக் கூண்டில் விட்டார். சிரிஞ்சை வாங்கி மேஜையில் வைத்தார். அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்படக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு கேக்குதேன். ரெண்டு கூட்டத்துக்கும் நீங்களே ஊசி போட்டிருக்கலாமே. இல்ல, ரெண்டு பேரும் மாத்திப் போட்டிருக்கலாமே. கையா மருந்தான்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இது உங்க துறையில முதல் வருஷப் பாடம்."

"ஆமா மேடம்."

"ஏன் செய்யல?"

"தெரிஞ்சுபோயிருக்குமே," என்றார் தாணுமாலயன்.

குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிச்சைக்கனி அதை மூடிவிட்டு அங்கேயே நின்றார்.

"செத்ததை ஏதாவது திறந்து பாத்தீங்களா?"

"இல்ல. மஞ்சப் பைல போட்டு எரிக்க அனுப்பிட்டேன்."

"இன்னிக்குக் காலையிலயும் ஒண்ணு போயிருச்சு டாக்டரம்மா," என்றார் பிச்சைக்கனி. "பெரிய சாரோடதுதான். அனுப்பாம ஃப்ரிட்ஜுல வச்சிருக்கேன். ஃப்ரீசர்ல இல்ல, கீழ."

"எடுத்துட்டு வாங்க."

தாணுமாலயன் எழுந்து நின்றார். போய்விடுவார் என்று ஜெயசீலி நினைத்தார். போகவில்லை.

ஜெயசீலி அதைத் தட்டில் மல்லாத்தி, கத்தரிக்கோலால் வயிற்றைத் திறந்தார். கை தவறியிருந்தால் உள்ளே அது எழுதி வைத்தது போல இருக்கும். கல்லீரல் கிழிந்து ரத்தம் கட்டியிருக்கும். குடல் ஓட்டையாகிச் சீழ் பிடித்திருக்கும். அவர் ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டினார். ரத்தம் இல்லை. சீழ் இல்லை. குடல் முழுசாக இருந்தது. ஊசி போன இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அடிவயிற்றில், வலப்பக்கம், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

பிறகு கல்லீரலைத் தூக்கிக் காட்டினார். கிழியாத கல்லீரல். செம்பழுப்பாக இருக்க வேண்டியது, வெளிறி, வீங்கி, களிமண் நிறத்தில் இருந்தது.

தாணுமாலயன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கை சரியா இருக்கு," என்றார்.

"இருக்கு சார்."

"ரொம்பச் சரியா இருக்கு."

ஜெயசீலி தட்டை மூடினார்.

செய்ய வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. மருந்துக் கூட்டத்தில் இன்னும் ஏழெட்டு எலிகள் மிச்சமிருந்தன. பிச்சைக்கனி கூண்டைக் கொண்டுவந்து வைத்தார். ரோமம் சிலிர்த்து, முதுகு வளைந்து, கண்களைப் பாதி மூடிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. தீனி அப்படியே கிடந்தது.

"இதுங்களை இப்படியே விடக் கூடாது சார்," என்றார் ஜெயசீலி. "மயக்க மருந்தை அளவுக்கு மேல குடுத்து அனுப்பிரணும். நான் பாத்துக்கிடுதேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

"இல்ல மேடம். நான் ஆரம்பிச்சது. நானே போடுதேன்."

ஜெயசீலி அவரைப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து மருந்துக் குப்பியை எடுத்தார். ஊசிகளை எடுத்து வைத்தார். உபயோகித்த ஊசிகளைப் போடுவதற்கு, மங்கலான பால் நிறத்தில் ஒரு புது பிளாஸ்டிக் பெட்டியைப் பிரித்து வைத்தார். வெளிச்சம் பட்டால் உள்ளே இருப்பது தெரியும்.

தாணுமாலயன் முதல் எலியை எடுத்தார். பிடித்தார். தலையைத் தாழ்த்தினார். அன்றைக்குக் காலையில் செய்ய மறந்தது போல நடித்த எல்லாவற்றையும் செய்தார். எலி அவர் உள்ளங்கையிலேயே தளர்ந்தது. மூச்சு அடங்கும் வரை வைத்திருந்தார். பிறகு துணியின் மேல் கிடத்தினார். அதே சிரிஞ்சில், அதே ஊசியால் அடுத்த அளவை உறிஞ்சிக்கொண்டு இரண்டாவது எலிக்குக் கையை நீட்டினார்.

ஜெயசீலி ஒரு புது ஊசியை அவர் முன்னால் வைத்தார்.

அவர் அதைப் பார்த்தார். "இது எதுக்கு மேடம்?"

"மாத்திக்கோங்க."

"சாகப்போறதுக்கா?" அவர் குரலில் எரிச்சல் இல்லை. அசதிதான் இருந்தது. "நோய் தொத்திக்கும்னா? இன்னும் ரெண்டு நிமிஷத்துல எல்லாம் முடியப்போகுது. அதுக்குப் புது ஊசியா?"

ஜெயசீலி அவர் கையிலிருந்த சிரிஞ்சை வாங்கினார். கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து, அந்த ஊசியின் நுனியை அதன்மேல் மெதுவாக இழுத்தார். ஒரே ஒரு முறை தோலில் போய்வந்த ஊசி. பஞ்சின் இழை அதில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது. புது ஊசியை அதே மாதிரி இழுத்தார். அது பஞ்சின் மேல் வழுக்கிக்கொண்டு போனது.

"பாத்தேன் மேடம்," என்றார் தாணுமாலயன். "முனை மழுங்கும், தெரியும். ஆனா இதுல என்ன மிச்சம் இருக்கு? ஆராய்ச்சி போச்சு. எலியும் போகப்போகுது. யாருக்காக?"

"குத்தும்போது அது உயிரோடதானே இருக்கும் சார்," என்றார் ஜெயசீலி.

சொல்லிவிட்டு, மீதி ஊசிகளை, எலிக்கு ஒன்றாக, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார். கதவைச் சாத்தினார்.

பிச்சைக்கனி பின்னாலேயே வந்தார். "என்ன டாக்டரம்மா, பெரிய சாரைத் தனியா விட்டுட்டு வந்துட்டீங்க?"

"ஆமா அண்ணாச்சி."

"நான் வேணா உள்ள போயி நிக்கவா?"

"வேண்டாம். ஒரு டீ வாங்கிட்டு வாங்க. ரெண்டு வாங்குங்க."

டீ வந்தது. ஆறியது. ஆடை படிந்தது. கதவு திறக்கவில்லை. வாசல் வேப்பமரத்தின் நிழல் சுவரில் ஏறி மறுபக்கம் போன பிறகுதான் தாணுமாலயன் வெளியே வந்தார். குழாயடியில் நின்று வெகுநேரம் கை கழுவினார்.

"முடிஞ்சுது மேடம்."

"சரி சார்."

"திங்கக்கிழமை நானே சொல்லிருதேன். மருந்துதான்னு. நீங்க பேச வேண்டாம்."

"சரி."

தாணுமாலயன் ஆறிய டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். தம்ளரைக் கழுவி வைத்தார். போய்விட்டார். திங்கட்கிழமை சொன்னபடியே சொன்னார். அதற்கப்புறம் அனிமல் ஹவுஸ் பக்கம் அவர் வரவே இல்லை.

டாக்டர் ஜெயசீலி எப்போதும் கதையை இங்கேதான் நிறுத்துவார். இதை எழுதுபவனுக்கு அவர் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். அவனும் பல தடவை கேட்டுவிட்டு, நம்பியும் நம்பாமலும் எழுந்து போயிருக்கிறான். பேராசிரியரைப் பற்றித்தான் தன் சந்தேகம் என்று வெகுநாள் நினைத்திருந்தான். போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஜெயசீலி மறுபடி சொல்லி முடித்தபோது, அவன் எழுந்திருக்கவில்லை. கேட்கலாமா, கூடாதா என்று தெரியாமலேயே கேட்டுவிட்டான்.

"அவர் போனதுக்கு அப்புறம், நீங்க உள்ளே போய் அந்தப் பெட்டியில் இருந்த ஊசிகளை எண்ணிப் பாத்தீங்களா, டாக்டர்?"